பொருந்துகிறது

…பொருந்துகிறது, அதுதான் உதைக்கிறது, தேர்தல் அலுவலகத் திரையில் பத்து வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து, சரிபார்க்கும் இவள் கையில் தபால் வாக்கு உறை, இரண்டிலும் அதே வளைவு, அதே இழுப்பு, பெயரும் முகவரியும் மாமியாருடையவை, ஆனால் மாமியாருக்கு வாதத்தில் வலது கை விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறதே, டம்ளரைக்கூட இடது கையால்தானே பிடிக்கிறாள்… நேற்றுச் சாயங்காலம்கூட, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இடது கையால் பெயரை எழுதி எழுதிப் பார்த்தபடி, "என் ஓட்டுச் சீட்டு இன்னும் வரலியாடா?" என்றாள், இவள் கணவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "வந்தா தரமாட்டேனாம்மா? கொஞ்சம் பொறு" என்றான், அப்போது இந்த உறை எங்கே இருந்திருக்கும், அம்மாவின் கையெழுத்தைப் போட எப்போது பழகினான், பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையிலேயே பழகியிருப்பானோ…

எதிரே வாத்தியார், ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் வாத்தியார்தான், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் உறை அடுத்த மேசைக்குப் போகும், இது யாருடைய உறை என்று அவருக்குத் தெரியாது. "என்னம்மா, சிலையாயிட்டீங்க? அச்சு அசலா இருக்கு. எல்லாரும் இப்படிப் போட்டா நாம சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்." சொந்தக்காரர் உறை வந்தால் சொல்லிவிட்டு வேறு மேசைக்குத் தள்ள வேண்டும், விதி, தள்ளினால் அங்கேயும் பொருந்துகிறது என்றுதான் சொல்வார்கள், உண்மையைச் சொன்னால் போலீஸ், வழக்கு, அவன் வேலை… காலையிலிருந்து நடுங்கிய கையெழுத்தையெல்லாம் பொருந்தவில்லை என்று ஒதுக்கியவள் இவள்தானே, மாமியாரே இடது கையால் போட்டு அனுப்பியிருந்தால் அதையும் ஒதுக்கியிருப்பாள், ஒதுக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பாள்… "பொருந்துது சார்" என்றது யார் குரல், "அப்பாடா, உயிரோடதான் இருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார் வாத்தியார்.

உறை போய்விட்டது, உள்ளே தன் கட்சிக்குத்தான் போட்டிருப்பான், சந்தேகமென்ன, அம்மா யாருக்குப் போட நினைத்தாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான், திருட்டுப் பயல், பெற்றவள் கையையே… ஆமாம், கிழவி யாருக்குப் போட நினைத்திருந்தாள்? இவ்வளவு பாடுபட்டுப் பழகினாளே, யாருக்காக, எதற்காக… சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை, தூங்கலியா அத்தை, ஒன்றரை வருஷமாக இவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதானே…