நாற்பத்தொரு விநாடிக் காற்று

...வாங்க என்று சொல்வதில் என்ன கஷ்டம், ஒரே சொல், மைக்கை அழுத்திச் சொல்லிவிட்டு விரலை எடுத்தால் முடிந்தது, ஆனால் நாலு தடவை பதிவு செய்து நாலு தடவையும் அழித்துவிட்டேன், இத்தனைக்கும் கேட்டது யாரோ இல்லை, என் வீட்டுக்காரர் முஃபீத், கப்பலில் சமையல்காரர், ஒன்பது மாத ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இன்னும் நாலு மாதம் இருக்க முடியுமா என்று கேப்டன் கேட்டிருக்கிறார், சாயந்திரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் பதில் வேண்டுமாம். "வரவா, இருக்கவா? நீ சொல்லுததுதான் மிஸ்ரியா" என்று காலையில் குரல் அனுப்பியிருந்தார், கூடவே இன்னொன்றும், "சாரக் காத்து வந்துட்டுன்னா அதயும் கொஞ்சம் புடிச்சி அனுப்பு, இங்கன காத்துன்னா ஒரு பொட்டு இல்ல." சாரல் காற்றை எங்கே போய்ப் பிடிக்க? ஜூன் பிறந்து பத்து நாளாகியும் தென்காசியில் ஒரு இலை அசையவில்லை, மொட்டை மாடிக் கொடியில் மாமியின் துப்பட்டி போட்டது போட்டபடி தொங்குகிறது, குற்றாலத்து மலையில் மேகம் வந்து உட்கார்ந்ததோடு சரி.

அவர் கப்பலும் அப்படித்தான் கிடக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், அடுத்த சரக்கு எங்கே என்று ஆர்டர் வராமல், இஞ்சினை அணைத்துப் போட்டு பதினேழு நாள்... முந்தின நாள் கொட்டிய முட்டைக்கோஸ் இலை மறுநாள் காலையிலும் பக்கத்திலேயே மிதக்கிறதாம். பாய்மரக் காலத்தில் கப்பல்கள் அங்கே மாட்டினால் வாரக்கணக்கில் நகராதாம், கேப்டன் சொன்னாராம். அடடா, அது அமைதி மண்டலம்லா, பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வி, நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஐந்து பாகை வரை என்று தொடங்கும், மனப்பாடமாக எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அவரிடம் சொன்னேன், சிரித்தார், "அமைதின்னு பேரு வச்சவன் ஒருநா இங்கன வந்து சமைச்சிப் பாக்கணும்ட்டி." இருபத்திரண்டு பேர், போக இடமில்லை, தொட்டதற்கெல்லாம் சண்டை, சோறு குழைந்துவிட்டது என்று ஒருவன் தட்டைத் தள்ளினானாம், அப்போது இவர் கையில் கத்தி இருந்ததாம்... அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

"ஏட்டி மிஸ்ரியா, எம்புள்ளய வரச் சொல்லிட்டியா?" கீழேயிருந்து மாமி. சொல்லுதேன் மாமி, சொல்லுதேன். மாமிக்கு என்ன, போன லீவில் மகன் ஆக்கிப் போட உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குத்தானே தெரியும். வந்த அன்றே அடுப்புக்கு இடது பக்கம் இருந்த உப்புச் சாடியைத் தூக்கி வலது பக்கம் வைத்தார், கப்பலில் அப்படித்தானாம், பன்னிரண்டு மணிக்குச் சோறு, ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது, வெங்காயத்தை "இப்படியாட்டி நறுக்குவாங்க?" என்று என் கையிலிருந்து பிடுங்கினார், என் அடுப்படியில் நானே விருந்தாளி மாதிரி நாலு மாதம் ஓரமாக நின்றேன். அவரை ரயிலேற்றிவிட்டு வந்து பர்தாவைக்கூடக் கழற்றாமல் முதல் வேலையாகச் சாடியை இடது பக்கம் வைத்தேன், அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். அந்த வரிசைதான் இன்றுவரை உறுத்துகிறது.

போனில் வருகிறவர் வேறு ஆள். என்ன சாப்பிட்டாய், கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார், நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருப்பார், அந்த ஆளை எனக்கு உயிர். அந்த ஆள் கடலில்தான் இருக்கிறார், வீட்டுக்கு வருவது மற்றவர். சீ, என்ன நினைப்பு இது, இருங்க என்று சொன்னால் படைச்சவன் பொறுப்பானா? அதுசரி, உப்பு எத்தனை கரண்டி என்றுகூட என்னைக் கேட்காத மனுஷன் இதை ஏன் கேட்கிறார்? அவருக்கே வர மனசில்லையோ, அது என் வாயால் வரட்டும் என்று பார்க்கிறாரோ... இல்லை, அந்தக் கத்தியை நினைத்துப் பயந்துபோய், வாங்க என்று ஒருத்தி சொல்லமாட்டாளா என்று கிடக்கிறாரோ. அஸருக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது.

அடுத்த வீட்டுத் தகரம்தான் முதலில் தடதடத்தது. அப்புறம் தென்னை, அப்புறம் துப்பட்டி எழும்பி முகத்தில் பளாரென்று அறைந்தது, ஈர வாசனை, யா அல்லாஹ், வந்தேவிட்டது! மைக்கை அழுத்திக் கையைத் தூக்கிப் பிடித்தேன், வாயைத் திறந்தேன், சொல் எதுவும் வரவில்லை, காற்று மட்டும் போய்க்கொண்டிருந்தது, நாற்பத்தொரு விநாடி. விரலை எடுத்தேன். இரண்டு டிக் விழுந்தபோது பாங்கு தொடங்கியது.

பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்... மூணு தடவ கேட்டுட்டேன்ட்டி. போதும். வாரேன்னு கேப்டன்ட்ட சொல்லிட்டேன்." குரல் உடைந்திருந்தது, கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. நான் வாங்க என்றும் சொல்லவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை, ஆனால் இந்தச் சத்தம் காதில் விழுந்தால் அந்த மனுஷன் அங்கே நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியாதா, தெரிந்துதான் கையைத் தூக்கினேனா... கீழே இறங்கி அடுப்படிக்கு வந்து இடது பக்கமிருந்த உப்புச் சாடியை எடுத்துவிட்டேன். கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், மாமி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.