அண்ணியின் முகத்துக்கு ஒரு பிரிண்டர்

1

இந்தக் கதை, வீட்டுக்குக் கலர் லேசர் பிரிண்டர் வாங்கப் போனதில் பிறந்தது. இதிலெல்லாமா கதை என்று கேட்காதீர்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டேதான் முதல் வரியைப் பலமுறை அடித்து எழுதினேன்.

‘மழை தூறிய ஒரு மாலையில், நான்கு வண்ணப் பொடிகள்…’ (தூறவில்லை. விட்டுவிடுங்கள்.)

உள்ளதைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்குப் பட அட்டைகளைக் காட்டிப் பயிற்சி கொடுப்பது என் மனைவியின் தொழில். எங்கள் முன்னறைதான் அலுவலகம். அங்கே வருபவர்களில் என் அண்ணனும் ஒருவர். பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிக் கொடுத்தவர். இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே சொல்: “இல்ல.” சரியான அட்டை என்றால் தலையாட்டுவார்.

2

பழைய பிரிண்டர் மையில் ஓடுவது. சும்மா கிடந்தால் மை காய்ந்துவிடும். சிவப்பு காய்ந்திருந்த ஒரு நாளில் அண்ணியின் படம் வெளிறிய பச்சையாக வந்தது. முகம் தெரிகிறதே, போதும் என்று அண்ணியே அதை அண்ணன் முன்னால் வைத்தார்.

“இது நான்தானே?”

“இல்ல,” என்று அட்டையைத் தள்ளிவிட்டார் அண்ணன்.

(நேரிலேயே கேட்கலாமே என்பீர்கள். கேட்டாயிற்று. நேரில் சிரிக்கிறார். பால்காரருக்கும் அதே சிரிப்புதான்.)

அண்ணி அன்று சாப்பிடவில்லை. என் மனைவிதான் தேற்றினாள்: “மாமா நெறத்தைப் பாத்துதான் இல்லன்னாரு அக்கா. உங்களப் பாத்து இல்ல. நல்ல பிரிண்டரா ஒண்ணு வாங்கிட்டு மறுபடியும் கேப்போம்.”

3

கடையில் மதிய வெயில் கண்ணாடி வழியே இறங்கித் தரையில் படுத்திருந்தது. விற்பவர் பிரிண்டர்களை ஒவ்வொன்றாக எழுப்பினார். அவை தூக்கம் கலையாமல் முனகி, வெதுவெதுப்பான தாள்களை நீட்டின. மேசை நிறைய அண்ணியின் முகம் பரவியது: ஒன்றில் மஞ்சள் தூக்கல், ஒன்றில் ரோஜா நிறம், ஒன்றில் அந்திவேளை. அத்தனை அண்ணிகளுக்கு நடுவே அசல் அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்து நின்றார்.

“லேசர்ல மை கெடையாதுங்க, பொடிதான். மாசக்கணக்கா சும்மா கெடந்தாலும் காயாது,” என்றார் விற்பவர்.

“சத்தம் ஜாஸ்தி,” என்றார் அண்ணி.

அடுத்தது இடத்தை அடைக்குமாம். அதற்கடுத்தது அண்ணியின் நிறத்தை அப்படியே பிடித்துவிட்டது. என் மனைவி துள்ளாத குறை.

“இதையே எடுத்துக்கலாம்க்கா.”

“வேணாம்மா. பழசையே வச்சுக்கலாமே.”

4

முதல் வரைவில் அண்ணியைக் கஞ்சம் பிடித்தவராக எழுதினேன். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, அப்படித்தான் அவர் பிரிண்டர்களைப் பார்த்தார். இரண்டாம் வரைவில் பிடிவாதக்காரி ஆக்கினேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அண்ணி அந்தப் பக்கங்களில் நிற்க மறுத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். மனைவி விற்பவரிடம் பேசப் போனபோது என் பக்கம் திரும்பினார்.

“நெறம் சரியா வந்து, அதுக்கும் இல்லன்னுட்டா? அப்பறம் நான் எது மேல பழி போடுவேன், தம்பி?”

இங்கே நான் ஆறுதல் சொன்னதாக ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன்: ‘அப்படியெல்லாம் நடக்…’ (பொய். அடித்துவிட்டேன்.)

பிறகு அவரே, “சரி, எடுங்க,” என்றார். அச்சடித்துப் பார்த்த தாள்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் பிரிண்டர் வாங்காமலே திரும்புகிறோம், எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறோம். இன்னொன்றில் அண்ணன் தலையாட்டுகிறார், அண்ணி அழுகிறார், நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். மூன்றாவதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். முன்னறையில் அண்ணன் நாற்காலியில் சிரித்தபடி இருக்கிறார். புதிய பிரிண்டர் முனகுகிறது. தாள் வந்து குப்புற விழுகிறது. லேசர் பிரிண்டரில் தாள் அப்படித்தான் விழும், நான் ஏற்பாடு செய்ததல்ல. அண்ணி அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறார்.

“சூடா இருக்கு.”

“ஆறட்டும்க்கா,” என்கிறாள் என் மனைவி.

கதை எழுதுகிறவன் இப்போது தாளைத் திருப்ப வேண்டும். தாள் எப்போதோ ஆறிவிட்டது. அண்ணி கையை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லப்போவதில்லை. முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால், நீங்களே அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.