சிவப்புப் பட்டைக்கு அடியில்

வெள்ளை அங்கியில் கறை படக்கூடாது என்று அதைக் கழற்றிக் கடை ஆணியில் மாட்டிவிட்டு, கிசிட்டு சுத்தியலும் கையுமாக உட்கார்ந்திருந்தான். எதிரே மரப்பெட்டி மேல் அவனுடைய பைக். முன்சக்கர டியூபின் வால்வு வேரோடு பிய்ந்துவிட்டது. ஒட்டுப் போட வழியில்லை. புது டியூப் வாங்கியாயிற்று, சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. நட்டு சமர்த்தாகக் கழன்று வந்தது. சக்கரத்தின் நடுவே ஓடும் ஆக்சில்தான் அசைவேனா என்று அடம் பிடித்தது.

அன்று அவன் தங்கை நபுக்கேராவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை தட்டு கொண்டுவந்து குவித்தாலும், அவர்கள் கொடுக்கும் சேவலைப் பெண்ணின் அண்ணன் கைநீட்டி வாங்கினால்தான் பெண் கொடுத்ததாக அர்த்தம். அவளுக்கு இருப்பதோ இந்த ஒரே அண்ணன்.

கியாபகுசா சந்தியில் வேறு பைக்கும் இல்லை. அவன் வண்டி ஓட்டும் வாடகை பைக் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பைக்குகளையும் மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலத்துக்குப் பேசிக் கூட்டிப் போய்விட்டார்கள். போன் போட்டால் ஒருவனும் எடுக்கவில்லை. மிஞ்சியவர் ஸ்டாண்டுத் தலைவர் முலிந்துவா மட்டும்தான். கிசிட்டுவின் பின்சீட்டில் ஏறி விருந்துக்குப் போக, கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"ஓங்கி அடிடா! குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி தட்றியே."

"ஓங்கி அடிச்சா மரை நசுங்கிடும் தலைவரே. அப்புறம் நட்டு ஏறாது."

"அப்ப நட்டை நுனியில மாட்டிக்கிட்டு அடி."

அது நியாயமாகத்தான் பட்டது. நட்டை மாட்டி, மேலே மரத்துண்டை வைத்து அடித்தான். பழைய ஆயிலை ஊற்றி ஊறவிட்டு மறுபடி அடித்தான். ஊஹூம்.

பக்கத்துக் கல்லில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த நாலோங்கோ எட்டிப் பார்த்தாள். "என் சப்பாத்தி எண்ணெய கொஞ்சம் ஊத்திப் பாரேன்டா."

"அதை ஊத்தினா ஆக்சில் வராது அக்கா. எறும்புதான் வரும்."

போன் அடித்தது. தங்கை.

"அண்ணே, எங்கே இருக்கே? அவங்க வாசலுக்கே வந்துட்டாங்க. அத்தைங்க பாட்டுப் பாடி நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்தச் சேவல் வேற கத்தித் தொலைக்குது."

"கிளம்பிட்டேன்மா. வழியில இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து தலைவர் சுத்தியலை எடுத்து ஓர் அடி போட்டார்.

"வழியில என்ன இரும்புச் சத்தம்?"

"அது... தலைவர்."

"நீ வராட்டி நானே சேவலை வாங்கிக்கவா? ஊரே சிரிக்கும் அண்ணே!" குரல் உடைந்ததும் போன் அணைந்துவிட்டது.

தலைவர் கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டு, மூச்சைப் பிடித்து இன்னொரு அடி போட்டார். சுத்தியல் வழுக்கி, முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கின் அடியில் சுற்றியிருந்த சிவப்பு ரப்பர் பட்டையைக் கிழித்தது.

கிசிட்டு துள்ளி எழுந்தான். வெளியூர்க்காரன் யாரும் நுழைந்துவிடாதபடி ஸ்டாண்டு பைக்குகளுக்கெல்லாம் அந்தப் பட்டையை அடையாளமாகச் சுற்றவைத்தவரே தலைவர்தான். அதை அவிழ்ப்பவன் எல்லோருக்கும் சோடா வாங்கித் தர வேண்டும். அதுவும் அவர் போட்ட சட்டம்.

"மாட்டினீங்களா தலைவரே! ஸ்டாண்டுக்கே சோடா!"

"கிழிஞ்சதுதானே? அவிழ்க்கலையே?" என்று அவர் மென்று விழுங்கும்போதே, கிசிட்டுவின் கண் கிழிசலில் குத்திட்டு நின்றது. உள்ளே ஒரு போல்ட்டின் தலை பளிச்சென்று எட்டிப் பார்த்தது.

ஆக்சிலை ஃபோர்க்கோடு கவ்விப் பிடிக்கும் போல்ட். அதன்மேல் பட்டையைச் சுற்றியவனும் அவன்தான், மறந்தவனும் அவன்தான்.

"கையால கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, வெளிய வா வெளிய வான்னு அடிச்சா அது எப்படி வரும்?" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். போல்ட்டைத் தளர்த்தினான். ஆக்சிலின் துளையில் கம்பியைக் கொடுத்து இப்படியும் அப்படியும் திருகினான். கீச்சென்று கத்திக்கொண்டு, செந்துரு பூசிய ஆக்சில் வெளியே வந்தது. நாலோங்கோ கரண்டியால் கல்லைத் தட்டிக் குலவையிட்டாள்.

துருவை உப்புக் காகிதத்தால் தேய்த்து, கிரீஸ் தடவி, புது டியூபைப் போட்டுக் காற்றடித்தான். சக்கரத்தை மாட்டப்போனால் ஆக்சிலில் கோக்கும் சின்ன புஷ்ஷைக் காணோம். தரையெல்லாம் தேடிவிட்டு நிமிர்ந்தான்.

"தலைவரே, கொஞ்சம் எழுந்திருங்க."

அவர் எழுந்தார். அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"குத்துச்சு. நான் கல்லுன்னு நினைச்சேன்."

நட்டை இறுக்கி, பைக்கைக் கீழே இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலு தரம் அமுக்கிவிட்டு, கடைசியாகக் கவ்வும் போல்ட்டை முறுக்கினான். அங்கியை மாட்டிக்கொண்டு உதைத்தான் உதை.

வாசலில் அத்தைமார் தொண்டை கட்டிப்போய், பாடிய பாட்டையே திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். கிசிட்டு பின்வேலி வழியாக நுழைந்து, மூச்சிரைக்க இரண்டு கைகளையும் நீட்டினான். சேவல் கைமாறியது. பந்தலே ஆர்ப்பரித்தது.

மாப்பிள்ளை தரப்பில் பேச வந்தவர் சேவலை உற்றுப் பார்த்தார். "நாங்க கொண்டாந்தது வெள்ளைச் சேவல்தானே?"

சேவலின் இரண்டு பக்கமும் அச்சுப் பதித்த மாதிரி கரிய விரல்கள். முக்காட்டுக்குள் நபுக்கேராவின் தோள் குலுங்கியது. அழுகையில்லை, சிரிப்பு.

பந்தி போட்டார்கள். சாப்பாட்டுக்காகவே கோட்டுப் போட்டு வந்த தலைவரை மட்டும் காணோம். தேடிக்கொண்டு கிசிட்டு வேலிக்கு வெளியே வந்தான். வரிசையாக நின்ற ஸ்டாண்டு பைக்குகளுக்கு நடுவே அவர் குந்தியிருந்தார். ஒவ்வொரு ஃபோர்க்கிலும் சிவப்புப் பட்டையை அவிழ்த்து, போல்ட் தெரியும்படி ஒரு சாண் மேலே சுற்றிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, இது அவிழ்க்கறதுதானே? அப்ப சோடா..."

"மெதுவாப் பேசுடா!" தலைவர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம பசங்க கை கழுவறதுக்குள்ள முடிக்கணும். நீ அந்தக் கடைசி பைக்குலேருந்து ஆரம்பி."