ஒரு கூடைப் புழு

"மண்புழுவுக்கு உப்பு கரிக்குமாம்மா?" என்று கலைமதியின் மகள் ஒருமுறை கேட்டாள்.

"செத்தே போயிடும்டி."

மரக்காணத்தில் கழிவுநீர்ச் சேற்றை மண்புழுவும் நுண்ணுயிரும் தின்று எருவாக்கும் கொட்டகையில் கலைமதிக்கும் சின்னப்பாப்பாவுக்கும் வேலை. ஆளுக்கொரு தொட்டி. சேற்றில் உப்பளத்துத் தண்ணீர் கலந்திருக்கலாம் என்பதால், லாரி வந்ததும் கொஞ்சம் சேற்றில் பத்துப் புழுவை விட்டுப் பார்ப்பார்கள். அவை வெளியே ஏறினால் லோடைத் திருப்பிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை அது சின்னப்பாப்பாவின் முறை. அவள் புழு விட்டுப் பார்க்காமலே சேற்றைத் தன் தொட்டியில் இறக்கிக்கொண்டாள். மறுநாள் அவள் தொட்டிப் புழுக்கள் வெளுத்துச் செத்துக் கிடந்தன.

"கலைமதிதாங்க பார்த்தா. நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா," என்றாள் சூப்பர்வைசரிடம்.

"நானாக்கா?"

சின்னப்பாப்பா நிமிர்ந்து பார்க்காமல் மண்வெட்டியைக் கழுவினாள்.

"நாளைலேர்ந்து வராதம்மா," என்றார் சூப்பர்வைசர் கலைமதியிடம்.

போன கோடையில் கலைமதியின் தொட்டி காய்ந்து புழுக்கள் செத்தபோது, தன் தொட்டியிலிருந்து ஒரு கூடைப் புழுவை அள்ளிப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாதிருந்தவளும் இதே சின்னப்பாப்பாதான். வேலை போனதைவிட அந்த நினைப்புதான் கலைமதியை வதைத்தது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கெட்ட சேற்றை வழித்துப் மக்கிய சாணம் பரப்பியிருந்த சின்னப்பாப்பாவின் தொட்டியில், கலைமதி தன்னுடையதிலிருந்து ஒரு கூடைப் புழுவைக் கொண்டுவந்து விட்டாள். அவள் மனம் ஆறவில்லை. ஆனாலும் அவை சாணத்துக்குள் இறங்கும்வரை நின்று பார்த்து, ஈரச் சாக்கால் மூடிவிட்டுக் கிளம்பினாள்.