இரண்டாவது பிரேக்

வீட்டு கேட்டில் உரசிக் காரில் ஒரு கோடு போட்டதுதான் நான் செய்த குற்றம். இருபத்தேழு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பாதி ஊருக்கு கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தவளுக்கு வயசாகிவிட்டதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மகன் காரை விற்க ஆள் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவார்களாம்.

சனிக்கிழமை காலையிலேயே என் சிநேகிதிகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கடலோரச் சாலையில் கிளம்பிவிட்டேன். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி டெய்லர். ஓட்டப் பழகுபவர்களுக்காக என் காரில் பக்கத்து சீட்டின் அடியிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே உட்கார்ந்தால் நர்ஸின் கால் சும்மா இருக்காது என்று இருவரையும் பின்னால் போட்டேன்.

முதல் ஊரில், வலை காயப்போட்ட தெருவில் ஊர்ந்தோம். இரண்டாவது ஊரில் ஐஸ் லாரிக்கு வழிவிட நூறடி ரிவர்ஸ் எடுத்தேன். டெய்லர் கை தட்டினாள். மூன்றாவது ஊரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால், காரில் சாய்ந்தபடி என் மகன், கையில் மாற்றுச் சாவியோடு நிற்கிறான். டெய்லர் ஊருக்கு ஊர் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாளாம். அதைப் பார்த்து டாக்சி பிடித்து வந்துவிட்டான்.

"விளையாட்டு போதும்மா. நீ அந்தப் பக்கம் உக்காரு. நான் வீட்டுக்கு ஓட்டறேன்."

"வண்டி யாருது?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லது! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதே காரில் கிளட்ச் விடத் தெரியாமல் அழுத பிள்ளை. பக்கத்து சீட்டில் ஏறினேன்.

வீட்டுப் பக்கம் திருப்பினான். மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினான், மறுபடி மிதித்தேன். பின்னால் மீன் வண்டி ஹார்ன் அடித்தது. கூடை தூக்கி வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அம்மா, கால எடும்மா! மானம் போகுது."

"போகட்டும். என் கண்ணு சரியில்லன்னு டாக்டர் சொல்லட்டும், சாவிய நானே தரேன். என்னைக் கேக்காம என் வண்டிய விக்க நீ யாருடா?"

காது சிவக்க இறங்கினான். நர்ஸ் பின்கதவைத் திறந்து இறங்கி வழி விட்டாள்.

"நடுவுல உக்காரு. ஜன்னல் எங்களுக்கு."

ஐஸ் சொட்டும் மீன் பையை டெய்லர் அவன் மடியில் வைத்தாள். நான் என் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தேன்.

"இப்ப எங்கம்மா?"

"அடுத்த ஊருக்கு. திங்கக்கிழமை வரவங்களுக்கு வேணாம்னு போன் போடு. வண்டி ஓட்டும்போது நான் போன் பேசறதில்ல."