ஆற்றுக்குள் ஓட்டிய ஏர்

எங்கள் யாப்பலா ஆறு வருடத்தில் மூன்று மாதம்தான் ஆறு. மற்ற மாதங்களில் அது அகலமான மணல் பாதை; கழுதைகள் நடக்கும், பிள்ளைகள் பந்து ஆடும். பெருவின் வடகரையில் இப்படிப்பட்ட ஆறுகள் பல உண்டு. ஆனால் எங்களுடையதைப் போல ஒழுங்கு உள்ள ஆறு வேறு கிடையாது என்று நான் எங்கும் சொல்வேன்.

மலையில் மழை விழுந்தால் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக இறங்கி வரும். அதை ஆற்றின் தலை என்போம். அது மனிதன் நடப்பதைவிட மெதுவாகத்தான் வரும். முன்னால் வருகிற தண்ணீரைக் காய்ந்த மணல் குடித்துவிடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் தன்னோடு கொண்டுவந்த வண்டலால் மணலின் துளைகளை அடைத்துவிட்டுத்தான் மறைகிறது. பின்னால் வருவது அந்த வண்டல்மேல் வழுக்கி இன்னும் கொஞ்ச தூரம் போய், அங்கே அதுவும் மறைகிறது. இப்படி ஒன்றின் முதுகில் ஒன்று ஏறித்தான் ஆறு கடலுக்கு வருகிறது.

முதல் தண்ணீர் கடலுக்கு. இதுதான் எங்கள் சட்டம். தலை கடலைத் தொடும்வரை ஒரு மடையும் திறக்கக்கூடாது. வறண்ட மாதங்களில் கடல் மணலைக் குவித்து முகத்துவாரத்தை மூடியிருக்கும். மண்வெட்டியால் வெட்டினால் அடுத்த கடல் ஏற்றத்தில் அது மறுபடி மூடிக்கொள்ளும். உள்ளேயிருந்து ஆறு தேங்கி, நிரம்பி, வழிந்து அறுத்தால்தான் வாய் திறந்தபடி நிற்கும். என் தாத்தா காலத்தில் ஒரு பண்ணைக்காரர் முதல் தண்ணீரைத் தன் கரும்புக்குத் திருப்பினார். பின்னால் பெருவெள்ளம் வந்தபோது வாய் மூடியே இருந்தது. போக வழி இல்லாத வெள்ளம் திரும்பி, கரையோரத்து லா போக்கா கிராமத்தின் வீடுகளுக்குள் புகுந்தது. அதற்குப் பிறகு எழுந்த சட்டம் இது.

கடைமடையின் பொறுப்பு என் மனைவி பெர்பெத்துவாவிடம் இருந்தது. ஊர் கூடித் தேர்ந்தெடுத்தது. அந்த மடையிலிருந்துதான் எங்கள் மொச்சை வயலுக்கும் தண்ணீர் பாயும். அந்த வருடம் ஆறு தாமதித்ததால் கிணற்றில் கடல் நீர் ஏறி உப்பாகிவிட்டது. மொச்சை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. இன்னும் ஒரு வெயிலைத் தாங்காது.

காலையில் தலை வந்தது. மேளமும் ஊதுகொம்பும் மக்காச்சோளக் கள்ளுமாக ஊரே கூடவே நடந்துவந்தது. எல்லோருக்கும் முன்னால் லா போக்கா மீனவர் நிக்கானோர், தொப்பியை ஆட்டிக்கொண்டு. ஆனால் தண்ணீர் மெலிந்திருந்தது. எங்கள் மடையைத் தாண்டியதும் படுகை அகன்றுவிடும். அங்கே துணி விரித்ததுபோலப் பரவி, தலை நின்றேவிட்டது. மேளமும் நின்றது.

என் மைத்துனன் கசிமிரோ வாயைத் திறந்தான். "அக்கா, மடையத் தூக்கு. எப்படியும் மணலுதான் குடிக்கப்போகுது. மொச்சையாவது குடிக்கட்டும்."

"வாய மூடுடா."

"கடலுக்கு என்ன, தொண்டை காயுதா? மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. உண்மையில், சொல்ல நினைத்தேன்.

நிக்கானோர் மெதுவாகக் கேட்டார்: "தாயி, உன் வயல் போயிடும்னு எனக்குத் தெரியுது. எங்க வீடு அங்க கீழ இருக்கு. நான் என்ன சொல்ல?"

பெர்பெத்துவா படுகையில் இறங்கி, ஈர மணலில் காலை அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கோவேறு கழுதையப் பூட்டி ஏரக் கொண்டாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"ஆத்த உழ."

கசிமிரோ விழுந்து விழுந்து சிரித்தான். "உழுதுட்டு என்னக்கா விதைப்ப? மீனா?"

நிக்கானோருக்கும் மனம் ஒப்பவில்லை. "ஆறு தானா வரணும்மா. அதுதானே வழக்கம்?"

"மடையத் திறக்கக்கூடாதுன்னுதான் வழக்கம். வழி காட்டக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

அவள் கணக்கு எளிது. அகலமாகப் பரவிய தண்ணீர் அவ்வளவு மணலுக்கும் தீனி போட வேண்டும். ஏர் கிழித்த ஒடுங்கிய சாலில் ஓடினால் இரண்டு பக்கமும் அடியும் மட்டும்தான் குடிக்கும். மிச்சம் முன்னால் போகும். நான் மேழியைப் பிடித்தேன். அவள் கழுதையை இழுத்தாள். படுகையின் நடுவே ஒரே சால். பின்னால் மண்வெட்டியோடு ஆட்கள் அதை ஆழமாக்கினார்கள். தேங்கி நின்ற தண்ணீர் தயங்கி, சாலுக்குள் விழுந்து, பாம்புபோல எங்கள் குதிகாலைத் துரத்தியது.

"மச்சான், வேகமா! ஆறு உங்களக் கடிக்கப்போகுது!" என்று கசிமிரோ கத்தினான். கத்தியவன் ஓடிப்போய்த் தன் கழுதையையும் பூட்டிக்கொண்டு வந்தான்.

வழியில் எங்கள் வயலைக் கடந்தோம். பெர்பெத்துவா அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

பிற்பகலில் தண்ணீர் முகத்துவாரத்தை மூடியிருந்த மணல்திட்டின் அடியில் வந்து குளமாகத் தேங்கியது. குளம் விளிம்புக்கு ஏறியது. ஒரு விரல் அகலத்துக்கு வழிந்தது. அந்த விரல் கையாயிற்று, கை வாசலாயிற்று, இரண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்தென்று சரிய, ஆறு கடலுக்குள் பாய்ந்தது. நீல நீரில் செம்மண் நிறம் விரிந்துகொண்டே போனது. நிக்கானோர் தொப்பியை அலைக்குள் வீசினார். மேளக்காரர்களுக்கு வெறி பிடித்தது.

பெர்பெத்துவா அதை முழுதாகப் பார்க்கக்கூட நிற்கவில்லை. திரும்பி நடந்து போய் மடையைத் தூக்கினாள். மேட்டு மொச்சை பாதிக்கு மேல் போய்விட்டது. பள்ளத்தில் இருந்தது பிழைத்தது.

அடுத்த வாரம் மலையில் பெருமழை. வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. திறந்த வாய்க்குள் நேராகப் போய்விட்டது. லா போக்காவில் ஒரு வாசல்படியும் நனையவில்லை. கரையில் நின்று பார்த்த, ஆற்றின் மேல்பக்கத்து ஊர்க்காரர்கள், வாய் எப்படித் திறந்தது என்று கேட்டார்கள்.

"எங்க அக்காகிட்ட கேளுங்க," என்றான் கசிமிரோ. "நீங்கல்லாம் நிலத்தத்தான் உழுவீங்க."

பெர்பெத்துவா காதில் வாங்காததுபோல, செத்த செடிகளைப் பிடுங்கிய மேட்டில் புது விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.