வேறெதுவும் கஷ்டம் இருக்கா?

1

இது நானாக யோசித்த கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனை இஸ்திரிக் கடையில் ஒரு மழை மதியத்தில் எனக்குக் கிடைத்தது. மின்சாரம் போய், இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. தேய்த்து முடிக்காத சட்டைகளுக்காக நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். கடையை நடத்தும் அக்கா அந்தப் பக்கம் நின்றார். வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தோம்.

"போன மாசம் ஆளையே காணோமே?" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னேன். கருப்பையில் கட்டி. எடுத்தாயிற்று. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அவர்கள் எடுத்துவைத்த காப்பீடு இருந்ததால் கண்ணாடிக் கதவு போட்ட மருத்துவமனைக்குப் போக முடிந்தது. அங்கே டாக்டரம்மா எல்லாம் பார்த்து முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேறெதுவும் கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார். வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை அதற்குப் பிறகுதான் நான் வாய்விட்டுச் சொன்னேன். இதையெல்லாம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையை அப்படியே வைத்துவிட்டார்.

"அப்படியா கேட்டாங்க?"

"ஆமாக்கா."

"அவங்களாவே?"

"அவங்களாத்தான்."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான் கேட்டேன்.

2

மறுநாளே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

ஈரம் அவள் வாழ்க்கைக்குள் நுழைந்த அன்று வானம்

வானத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அடுத்தது:

இத்தனை வருடங்களாக உட்காரவே உட்காராத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்

எழுதியதும் எனக்கே பிடித்துப்போனது. ஆனால் பொய். அக்கா உட்காருவார், தன் அறையில், தரையில், மடித்துப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பின்மேல். அடுத்தவர் வீட்டு நாற்காலியிலும் பேருந்து இருக்கையிலும்தான் உட்காரமாட்டார். மூன்றாவது தொடக்கம்:

ஏழை நாடுகளில் பிரசவகாலச் சிகிச்சை கிடைப்பதில் பெண்களுக்கு இடையே நிலவும்

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றையும் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அக்காவுக்கு நன்றாகவே படிக்க வரும், ஆனால் கை வேலையில் இருந்தது.

"எதுக்கு ஈரத்துல ஆரம்பிக்கிறீங்க? நான் பொறக்கும்போதே இப்படியா பொறந்தேன்? சைக்கிள்ல ஆரம்பிங்க."

சரி, சைக்கிள்.

ஆற்றங்கரைப் பாதை. நிறைமாத வயிற்றோடு அவள் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். கணவன் மிதிக்கிறான். பள்ளம் வரும்போதெல்லாம் இறங்கி உருட்டுகிறான். மேடு வந்ததும் மணியை அடித்துவிட்டுத் திரும்பி, அவள் வயிற்றைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்கிறான். அவளுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

"சரியா இருக்காக்கா?"

"சிரிப்பு இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றார்.

3

இந்தப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் ஒரு படுக்கை விரிப்பைத் தேய்த்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

வலி விடியற்காலையில் தொடங்கியது. கணவர் லாரியில் சுமையேற்றும் வேலைக்கு வெளியூர் போயிருந்தார். வீட்டில் மாமியாரும் கணவரின் அண்ணனும் இருந்தார்கள். "எனக்கு அத்தனை பேரும் இதே ரூம்லதான் பொறந்தாங்க," என்றார் மாமியார். அன்று முழுக்க வலி. மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலை சிக்கியிருக்கு. உடனே கொண்டுபோங்க," என்றார். உடனே போவதற்கு அந்த ஊரில் வழி ஏது? வண்டி பாலத்தைத் தாண்டி வராது. கட்டிலோடு தூக்கிப் போனார்கள். முதல் ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை. இரண்டாவதில் இருவரும் இருந்தார்கள். குழந்தைதான் இல்லை.

பெண் குழந்தை. "தலை நெறைய முடிம்மா," என்று மட்டும் சொல்லி, அக்கா விரிப்பை நாலாக மடித்தார்.

[அந்தக் குழந்தைக்குக் கதையில் ஒரு பெயர் வைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம். நான் வெச்சிருக்கேன்," என்றார். என்ன பெயர் என்று சொல்லவில்லை.]

ஈரம் தொடங்கியது அதற்குச் சில நாள் கழித்து, அதே வார்டில்.* டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தார். அவர் அட்டையில் எழுதிக்கொண்டே, "பிள்ளை பெத்தா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்," என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். யாரும் துணியை விலக்கிப் பார்க்கவில்லை.

* குழந்தையின் தலை வெகுநேரம் சிக்கி அழுத்தினால், மூத்திரப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே உள்ள சதை செத்து ஓட்டை விழும். பிறகு மூத்திரம் நிற்காது, தூங்கும்போதும் கசியும். நேரத்துக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்திருந்தால் இது வந்திருக்காது. இந்த அடிக்குறிப்பில் உள்ளதை நான் தெரிந்துகொண்டது பின்னால். அக்காவுக்கு அதுவரை யாருமே சொன்னதில்லை.

4

இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத ஒரே ஆள் கணவர். முதலில் இப்படி எழுதினேன்:

அவள் கணவன் மூக்கைப் பொத்திக்கொண்டு

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவர் பொத்தல. மத்த எல்லாரும் பொத்தினாங்க. அவர் பொத்தல."

முதல் வருடம் முழுக்க, ஊர் எழுவதற்குள் ஆற்றுக்குப் போய் அக்காவின் துணிகளை அவர்தான் அலசிக்கொண்டு வந்தார். அண்ணன் கேலி செய்தும் விடாமல் போனார். பாயைத் தள்ளிப் போடவில்லை, அக்கா பக்கத்திலேயே படுத்தார். பிறகு வெளியூர் வேலைகள் நீண்டன. ஒரு தடவை போனவர் வரவில்லை.

"அப்புறம் எதுக்குக்கா போனாரு?"

"யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தா கோவமாவது பட்டிருப்பேன்."

அவர் ஒரு கொடுமைக்காரராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். வாசகர் அவரை வெறுப்பார், அக்காவும் மறந்திருப்பார். ஆனால் அக்கா மறக்கவில்லை. தெருவில் லாரி சத்தம் கேட்டால் கை நின்றுவிடும், கண் வாசலுக்குப் போகும். இந்த ஊரில் அக்கா இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அது அக்காவுக்கும் தெரியும். கண் மட்டும் கேட்பதில்லை.

(இந்த ஊருக்கு வந்த கதை: மாமியார் வீட்டார் அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தம்பி மனைவி முகம் சுளிக்கவில்லை, ஆனால் அக்கா எழுந்து போனதும் அந்த இடத்தைக் கழுவிவிட்டாள். தினமும். ஒரு நாள் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். துணி தேய்க்கும் வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்டேன். "நின்னுக்கிட்டே செய்யலாம். கஞ்சியும் ஆவியும் சேந்து வேற வாசனையை அமுக்கிடும்.")

5

மறுபரிசோதனைக்குப் போனபோது என் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு இருக்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது சரி பண்ணக்கூடியதுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் இதுக்குன்னே வாரத்துல ஒரு நாள் ஆபரேஷன் பண்றாங்க."

"எந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதான்."

[இந்த இடத்தில் கதாநாயகி இடத்தில் நான் போய் உட்கார்ந்துவிடுகிறேன். டாக்டரம்மா தானே கடைக்கு வந்து சொன்னதாக மாற்றப் பார்த்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கதான கேட்டீங்க? இருக்கட்டும். ரொம்ப அலட்டிக்காம எழுதுங்க."]

கடைக்கு ஓடி வந்து சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன், சிரிப்பார் என்றும் நினைத்தேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன்.

"நம்ம வாசல்ல நிக்குதே பஸ்ஸு, அது போற ஆஸ்பத்திரியா?"

"ஆமாக்கா."

"அந்த போர்டை தெனம் படிக்கிறேனே."

அக்கா கையிலிருந்த சட்டையைத் தேய்த்து முடித்து, காலரைத் திருப்பிப் பார்த்து, பொத்தான் போட்டு மடித்தார். பிறகு பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் கடை திறக்கவில்லை. நல்ல சேதியைச் சொல்லி ஒரு மனுஷியை உடைத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். அதற்கடுத்த நாள் எப்போதும்போல் கடை திறந்திருந்தது.

"எப்பப் போலாம்?" என்றார்.

அந்தப் பேருந்திலேயே போனோம். பாதி இருக்கைகள் காலி. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.

6

கண்ணாடிக் கதவு இல்லாத ஆஸ்பத்திரி. வரிசை கட்டடத்துக்கு வெளியே மர நிழல்வரை வந்துவிட்டிருந்தது. எனக்குக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். அக்காவைப் பரிசோதிக்கவே மூன்று தடவை வரவைத்தார்கள். குறித்த அறுவை நாளும் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறையும். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு டாக்டர். அந்தம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

பரிசோதனை மேசையருகே டாக்டர் கேட்டாராம், "ஏம்மா இத்தனை வருஷம் வரல?"

"நீங்க இருக்கீங்கன்னு யாரும் சொல்லலையே," என்றாராம் அக்கா.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இதை அக்கா எனக்குப் பலமுறை சொல்லிவிட்டார்.

கடைசியாக அக்காவைச் சேர்த்துக்கொண்ட வார்டில் எல்லாருக்கும் இதே கதைதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு மீன்காரம்மா.

"நீ எதுல ஒளிஞ்சிருந்தே?" என்று அக்காவைக் கேட்டார்.

"இஸ்திரியில."

"நான் மீன்ல. என் வாசனையை எவனும் கண்டுபிடிக்கல பாத்துக்க. மீன் அழுகிப்போச்சுன்னு வெலைதான் கொறைச்சுக் கேட்டானுங்க."

அக்கா சிரித்தார். வார்டே சிரித்தது. சிரித்தால் அதிகமாகக் கசியும். அங்கே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆற்றங்கரை சைக்கிளுக்கு நான் எழுதிய சிரிப்பு எவ்வளவு போதாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

7

ஆபரேஷன் முடிந்தது. தைத்த இடம் ஆறும்வரை மூத்திரம் வடிய ஒரு ரப்பர் குழாய். அதை எடுத்த பிறகுதான் கசிவு நின்றதா இல்லையா என்பது தெரியும். பழைய காயம், முதல் தடவையிலேயே மூடலாம், மூடாமலும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில் கட்டிலருகே நின்று மூன்று முடிவுகளை வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: குழாயை எடுக்கிறார்கள். துணி காய்ந்தே இருக்கிறது. அவள்

"நிறுத்துங்க. கண்ணு பட்டுடும்."

இரண்டாவது முடிவு: கசிகிறது. டாக்டர் தோளைத் தட்டி, ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை முயல்வோம் என்கிறார். அவள் கடைக்குத் திரும்புகிறாள்.

"ம். இது எழுதலாம். இதுல நான் அழுவேனா?"

"எழுதல."

"அழுவேன். போட்டுக்கங்க."

மூன்றாவது முடிவு என் சொந்தச் சரக்கு. ஒரு பிற்பகலில் கடை வாசலில் லாரி நிற்கிறது. முன்னந்தலை நரைத்த ஒருவர் இறங்குகிறார். கையில் ஒரு சட்டை. தேய்க்கக் கொடுப்பவர்போல மேசையில் வைக்கிறார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்க்கிறாள். அவர் மெதுவாக, "கேட்டுச்சா?" என்கிறார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே துவைத்துப் போட்ட ஆஸ்பத்திரி விரிப்புகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"இது நடக்காதும்மா."

"தெரியும்க்கா. அடிச்சிடறேன்."

பேனாவை எடுத்தேன்.

"இருங்க," என்றார். "இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

8

குழாயை எடுக்கும் நாள். நர்ஸ் திரையை இழுத்தார். நானும் உள்ளே போகப் போனேன். அக்கா கை நீட்டித் தடுத்தார்.

"நீங்க வெளியில இருங்க. மொதல்ல எனக்குத் தெரியட்டும்."

வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்ச். தன் முறைக்காகக் காத்திருந்த மீன்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். "குடிங்க, நல்லா குடிங்க," என்ற நர்ஸின் குரல். பிறகு, "இப்ப எழுந்து நில்லுங்க. கொஞ்சம் நடங்க. இருமுங்க."

இருமல் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

முடிவு எனக்குத் தெரியும். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, மீன்காரம்மாவிடமும் என்னிடமும் அதைத் தன் வாயால் சொன்னார். மூன்று பேரும் என்ன செய்தோம் என்பதையும் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"இதைப் போடாதீங்க."

"படிக்கிறவங்க கேப்பாங்களேக்கா, என்ன ஆச்சுன்னு?"

"கேக்கட்டும். கொஞ்சம் காத்துக்கிட்டு இருக்கட்டும். நான் எவ்வளவு காத்திருந்தேன்."

ஆகவே, உங்களை அந்தத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டுப் போகிறேன். திரை மூடியிருக்கிறது. பெஞ்சில் மீன்காரம்மா நகர்ந்து இடம் கொடுப்பார்.